பந்தியில் வைத்த பரீட்சை

1847-ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷன் தன் சபையாருக்கு ஒரு சோற்றுப் பரீட்சை வைத்தது. திண்டுக்கல் அந்த மிஷனின் தொடக்ககால நிலையங்களில் ஒன்று. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது; எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். மறுத்தவருக்குத் திருவிருந்தில் இடமில்லை. உபதேசியாராக இருந்தால் மிஷனில் வேலையும் இல்லை. ஊர் ஊராக நடந்து வேதம் சொன்னவர்கள், பள்ளிக்கூடம் நடத்தியவர்கள், பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்தவர்கள் எனப் பலர் மறுத்தார்கள். மறுத்து வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள்.

சாதி எதிர்ப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயமாக இதை எழுதுவதுதான் வழக்கம். அது தப்பில்லை. ஆனால் அன்றைக்கு இதில் மோதிக்கொண்டவர்கள் பேசிய பேச்சு இறையியல் பேச்சு. மனிதன் மீட்படைவது கடவுள் இலவசமாகத் தரும் கிருபையால் என்றால், இன்ன காரியத்தைச் செய்துகாட்டு என்று அவனிடம் கேட்க யாருக்கு அதிகாரம்? கேட்காமல் விட்டால், பெற்ற கிருபை வெறும் வாய்ச்சொல்லாகிவிடாதா? பவுல் முதல் அகுஸ்தீன் வரை, அகுஸ்தீனிடமிருந்து லூத்தர் வரை ஓடிவந்த வழக்கு இது. ஐரோப்பாவில் ஏடுகளிலும் சங்கங்களிலும் நடந்த வழக்கு, தமிழ் மண்ணுக்கு வந்ததும் இலை போட்ட பந்திக்கு வந்துவிட்டது. இந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஏடுகளைவிடப் பந்தியே நல்ல இடம் என்பது என் எண்ணம்.

பரீட்சை வைத்தவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 1810-இல் தோன்றிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு யாழ்ப்பாணத்தில் வேரூன்றி, அங்கிருந்து 1834-இல் மதுரைக்கு ஆள் அனுப்பியது. வந்தவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள். நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் மரபின் பிள்ளைகள். அவர்களுடைய குரு கால்வின். மீட்பு முழுக்க முழுக்கக் கிருபையால்தான் என்பதில் கால்வினுக்கும் லூத்தருக்கும் பேதமில்லை. மீட்படைந்த பிறகு கடவுளின் கட்டளைக்கு என்ன வேலை என்பதில்தான் அழுத்தம் மாறுகிறது. கட்டளையின் தலையாய வேலை மனிதனுக்கு அவன் பாவத்தைக் காட்டி, அவன் தன்னம்பிக்கையை நொறுக்கி, கிருபையின் பக்கம் துரத்துவது என்றார் லூத்தர். கால்வினோ, மீட்கப்பட்டவன் நடக்க வேண்டிய பாதையைக் காட்டுவதே அதன் முதன்மையான பயன் என்றார். ஆகவே கால்வின் வழிச் சபையில் ஒழுங்கு நடவடிக்கை என்பது நிர்வாகக் காரியமில்லை, பக்திக் காரியம். பியூரிட்டன் சபையில் உறுப்பினராவதே ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையை மீறினால் கண்டிப்பு, அதற்கும் மசியாவிட்டால் விலக்கம். இந்தப் பழக்கத்தோடு வந்தவர்களின் கண்ணில் சாதி பட்டது. அதன் பிறகு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அவர்களுக்கு முன்னோடியும் இருந்தது. கல்கத்தா ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் அனுப்பிய சுற்றறிக்கை, சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, அறவே கைவிட வேண்டும் என்றது. அவருக்கு முன்னிருந்த பேராயர் ஹீபர் இவ்வளவு கறார் இல்லை. 1826-இல் திருச்சியில் இறந்துபோவதற்கு முன்னால் இது குறித்து விசாரித்துக்கொண்டிருந்தார், பொறுத்துப் போகலாம் என்ற பக்கமே சாய்ந்திருந்தார். வில்சன் அறிக்கையால் தஞ்சாவூர்ச் சபையும் சென்னை வேப்பேரிச் சபையும் கலங்கின. தஞ்சையில் எதிர்ப்பின் முகமாக நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். சரபோஜி மன்னரின் நண்பர், தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பிதாமகர். புது மிஷனரிகள் மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் சாதிகளைக் கலக்கச் சொன்னதும் ஒன்று. வேத மொழிபெயர்ப்பில் கை வைத்தது, பூமாலையை விலக்கியது, தமிழ்ப் பாட்டைத் தடுத்தது எல்லாம் அதனுடன் சேர்ந்தே வந்தன. இன்று படிக்கிறவருக்கு இந்தப் பட்டியல் சங்கடம் தரும். பூமாலைக்கும் பாட்டுக்கும் அவர் பக்கம் நிற்கத் தோன்றும். சாதிக்கு நிற்க முடியாது. அவருக்கோ எல்லாம் ஒன்றுதான். சுவிசேஷம் கேட்காததை அந்நியர் கட்டளையாக்குகிறார்கள் என்பதுதான் அவர் வழக்கு.

1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதி குறித்து ஒரு பொது அறிக்கை வெளியிட்டது. பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் அதில் கையொப்பமிட்டார்கள். உபதேசியார் முதலான ஊழியர்கள் எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உண்ண மனதுள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இடம்பெற்றது. மதுரை மிஷனின் சோற்றுப் பரீட்சை ஏறத்தாழ தென்னிந்தியப் புராட்டஸ்டண்டு உலகின் பொது விதியானது. கையொப்பமிடாமல் தனித்து நின்றவர்கள் தரங்கம்பாடி வழிவந்த லைப்சிக் லுத்தரன்மார்.

லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் தங்கித் தமிழ் படித்தவர், குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதியை அவர் புகழவில்லை. அது வலுக்கட்டாயத்தால் போகாது என்றார். சுவிசேஷம் உள்ளத்தில் வேலைசெய்யும், வேலை முற்றினால் சாதி தானே உதிரும். ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் மேலே ஒரு புதுப் பரீட்சையைச் சபை வைத்தால் அது கிருபையின் இடத்தில் மறுபடியும் சட்டத்தை உட்கார்த்துவதாகும். அப்படி வைத்தால் ஒரு நாள் ஒப்புக்குச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளிக்கும் வேஷதாரிகளே மிஞ்சுவார்கள். அவர் தரப்பின் சாரம் இதுதான். லுத்தரன் இறையியலை வைத்துப் பார்த்தால் இதில் ஓட்டை காண்பது கடினம்.

ஆனாலும் அவர் மிஷனுக்குள்ளேயே இதை ஏற்காதவர் இருந்தார். கார்ல் ஒக்ஸ் என்ற மிஷனரி சாதியோடு சமரசம் கூடாது என்று போராடி, ஒடுங்கிப் போகாமல் லைப்சிக்கை விட்டுப் பிரிந்து, பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து உழைத்தார். லூத்தரைப் படித்த இருவர், ஒரே ஊர்களைப் பார்த்த இருவர், இரண்டு முடிவுக்கு வந்தார்கள்.

கிரவுலின் வாதத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கிருபை உள்ளத்தில் மெல்ல வேலைசெய்யட்டும் என்பவர், அது வேலைசெய்து முடிக்கும்வரை வெளியே காத்திருப்பவர் யார் என்று கேட்கவில்லை. மேல்சாதிக் கிறிஸ்தவரின் மனம் கனியும்வரை பறையர் கிறிஸ்தவர் கோயிலின் ஓரத்தில், கடைசி வரிசையில், கடைசியாகக் கிண்ணம் வரும் இடத்தில் நிற்க வேண்டும். ஒருவருடைய ஆன்ம வளர்ச்சிக்கான செலவை இன்னொருவர் கட்டுகிறார். மென்மையான கிருபைதான், அதன் பாரம் விழும் இடம் மென்மையானதில்லை.

அமெரிக்கர்களின் கையும் சுத்தமில்லை. மதுரையில் பரீட்சை வைத்ததற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1845-இல் புரூக்ளினில் கூடிய அமெரிக்கன் போர்டின் ஆண்டுக்கூட்டத்தில் அடிமை வைத்திருப்போர் பிரச்சினை வந்தது. போர்டின் ஊழியம் நடந்த செரோக்கி, சொக்டா பழங்குடிச் சபைகளில் அடிமை வைத்திருந்தவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்களை விலக்க வேண்டும் என்றனர் அடிமை ஒழிப்பாளர்கள். போர்டு மறுத்தது. அடிமை முறை தீமைதான், ஆனால் அதை வைத்திருப்பது ஒன்றையே காரணமாக்கிச் சபையிலிருந்து நீக்க முடியாது, சுவிசேஷம் படிப்படியாக மாற்றும் என்ற போக்கிலேயே அதன் பதில் அமைந்தது. மனம் வெறுத்தவர்கள் 1846-இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். தன் நாட்டு அடிமை விஷயத்தில் கிரவுலைப் போலப் பேசிய அதே போர்டின் ஆட்கள், தமிழ்நாட்டுச் சாதி விஷயத்தில் வில்சனைப் போல நடந்தார்கள். தமக்கு வலிக்கும் இடத்தில் கிருபையின் பொறுமை, பிறருக்கு வலிக்கும் இடத்தில் கட்டளையின் கண்டிப்பு. இதைச் சொல்வதால் 1847-இன் பரீட்சை தவறென்று ஆகிவிடாது. ஆனால் கிருபை, கட்டளை என்ற இரண்டில் எதை எப்போது கையில் எடுக்கிறோம் என்பதை இறையியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது தெரிகிறது.

கத்தோலிக்கர் பக்கம் இந்த வழக்கு இன்னும் பழையது. திண்டுக்கல் சமவெளியின் கத்தோலிக்கம், அமெரிக்கருக்கு முந்திய இயேசு சபையாரின் பழைய மதுரை மிஷன் மண்ணில் வளர்ந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் முதலியவை சமூக அடையாளங்களே, சமய அடையாளங்கள் அல்ல என்று வாதாடி, 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியின் அனுமதியைப் பெற்றார். அதோடு மேல்சாதியாருக்குச் சந்நியாசிக் கோலத்தில் ஒரு வகைக் குருமார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற ஏற்பாடு வளர்ந்தது. ஒரே சபையின் குருமார் இரண்டு வகையானார்கள்.

1704-இல் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை இந்தப் பழக்கங்களில் பலவற்றைத் தடைசெய்தது. அதில் ஓர் அம்சத்தை மட்டும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நோயுற்ற பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குரு நேரில் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது. இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், அதற்கு முன் நடந்தது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கப் போதனைப்படி ஏழு அருட்சாதனங்களும் அருளின் வாய்க்கால்கள். குருவின் புண்ணியத்தையோ பெறுபவரின் தகுதியையோ பொறுத்து அருள் வருவதில்லை. சாதனம் நிறைவேறினால் கடவுள் தருகிறார். இவ்வளவு தாராளமான அருள், குடிசையின் வாசற்படியைத் தாண்டவில்லை. குரு குனிந்து உள்ளே நுழைய ரோமாபுரியிலிருந்து ஒரு கட்டளை வந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதிப்படுத்தியபோது, பறையருக்கெனத் தனிக் குருமாரை ஒதுக்குவதாக இயேசு சபையார் முன்வந்த சமரசத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். கட்டளை நிறைவேறியது, தீண்டாமையும் தப்பித்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதில் நம்மவர்களுக்கு இருக்கும் சாமர்த்தியம் சாதாரணமானதல்ல.

அருளா செயலா என்ற கிறிஸ்தவத் தர்க்கம் தமிழிலேயே எழுதப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லுத்தரன் சபையை எதிர்த்து, வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று நூல்கள் எழுதினார். விசுவாசம் மட்டுமே போதும் என்றால் நற்செயலுக்கு இடம் எங்கே என்பது லுத்தரன்மார் மீது கத்தோலிக்கர் வைத்த நிலையான குற்றச்சாட்டு. செயலைக் காட்டி மீட்பை விலைபேசுகிறீர்கள் என்பது எதிர்க்குற்றச்சாட்டு. 1547-இல் திரெந்து சங்கம் தன் ஆறாவது அமர்வில் சொன்னது இரண்டுக்கும் நடுவே இருந்தது: தொடக்கம் முழுக்க அருள், ஆனால் மனிதன் அந்த அருளோடு ஒத்துழைக்கிறான், ஒத்துழைப்பில் வளர்கிறான். வீரமாமுனிவரின் இயற்பெயரான பெஸ்கி இன்றும் திண்டுக்கல்லில் இயேசு சபையின் பயிற்சி இல்லத்துக்கு இருக்கிறது. அந்தத் தர்க்க நூல்களைப் படிப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். தேம்பாவணியே போதும் என்று தமிழுலகம் முடிவுசெய்துவிட்டது.

தமிழ் மண்ணுக்கு இந்தக் கேள்வி கிறிஸ்தவம் கொண்டுவந்த புதுச்சரக்கு அல்ல. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதுபோல முயல வேண்டுமா, பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே கொண்டுபோவானா என்று வைணவத்தின் வடகலையும் தென்கலையும் பல நூற்றாண்டுகளாக வாதிட்டன. சைவ சித்தாந்தம் இருவினையொப்பு, மலபரிபாகம் என்ற பக்குவங்கள் கூடும்போது சத்திநிபாதம் என்ற அருள்வீழ்ச்சி நிகழும் என்று இரண்டையும் ஒரு கணக்கில் கொண்டுவந்தது. ஆனால் இந்த வாதங்களைவிட நந்தனார் கதைதான் 1847-க்குப் பக்கத்தில் நிற்கிறது. தில்லைக் கூத்தன் நந்தனை அழைத்துவிட்டான். அழைப்பில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர் நெருப்பில் மூழ்கி எழுந்து, மறையோர் கோலத்தோடுதான் உள்ளே போகிறார். அருள் அழைத்தது, ஆசாரம் தன் வரியை வசூலித்துக்கொண்டது. பெரிய புராணத்தில் இறைவனே அந்த நெருப்பை ஏற்பாடு செய்கிறார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஒப்ப மறுக்கிறது.

கிறிஸ்தவர்களின் மூலக்கதைக்கு இப்போது போவோம். கிருபையா நியாயப்பிரமாணமா என்ற வழக்கு முதன்முதலில் எங்கே வெடித்தது? பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. அந்தியோக்கியா நகரில் யூதரும் யூதரல்லாதவரும் ஒரே சபையில் சேர்ந்து உண்டுவந்தார்கள். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமில் யாக்கோபின் பக்கத்திலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பேதுரு பந்தியிலிருந்து எழுந்து விலகினார். பர்னபாவும் மற்ற யூதர்களும் அவர் பின்னே போனார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவின் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினார். மனிதன் நீதிமானாவது சட்டத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தால் என்று அவர் வாதம் தொடங்குவது இந்த இடத்தில்தான். லூத்தர் பல நூற்றாண்டுக்குப் பிறகு உலகைப் புரட்டிய அந்தப் போதனை, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற சண்டையில் பிறந்தது.

பவுல் பேதுருவிடம், நீ ஒரு கட்டளையை மீறினாய் என்று சொல்லவில்லை. சுவிசேஷத்தின் உண்மைக்கு ஏற்ப நீ நடக்கவில்லை என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. சேர்ந்துண்பதை அவர் கிருபை பெற்ற பின் நிறைவேற்ற வேண்டிய கடமையாகவும் வைக்கவில்லை, கிருபை பெறத் தகுதியாகவும் வைக்கவில்லை. அதுவே கிருபை, கண்ணுக்குத் தெரியும் வடிவில். எல்லாரும் தகுதியின்றியே ஏற்கப்பட்டார்கள் என்றால் பந்தியில் வரிசை எப்படி வரும்?

இங்கிருந்து திரும்பிப் பார்த்தால் 1847-இன் இரு தரப்பும் ஒரே இடத்தில் சறுக்கியது தெரிகிறது. சேர்ந்துண்பது ஒரு செயல், ஒரு கீழ்ப்படிதல் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அமெரிக்கர் அதை இப்போதே செய் என்றார்கள். லைப்சிக்காரர் பிறகு செய்யலாம் என்றார்கள். கட்டளை என்று எடுத்துக்கொண்டதால் ஒருவர் பரீட்சை வைத்தார், ஒருவர் தவணை கொடுத்தார். சேர்ந்துண்ண மறுப்பவர் இன்னும் கீழ்ப்படியாதவர் என்பதைவிட, தனக்குக் கிடைத்ததை வேண்டாம் என்கிறவர் என்பதே பவுலின் கணக்கு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் அமெரிக்கரின் பக்கமே நிற்பேன். காத்திருக்கும் செலவை அவர்கள் குறைந்தபட்சம் சரியான ஆளிடம் கேட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் போதாது.

சட்டத்தின் பக்கம் ஓடியவர்களிலும் ஒரு தமிழர் தனித்துத் தெரிகிறார். நாசரேத்தில் உபதேசியாராக இருந்து அங்கிருந்த மிஷனரியோடு முரண்பட்டு நீக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857-இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலையீடில்லாத ஒரு சபையை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள், தூபம் என்று யூத நியாயப்பிரமாணத்தின் பக்கம் போனார். பவுல் விட்டதை இவர் எடுத்தார் என்று எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் காலத்தை யோசிக்க வேண்டும். கிருபை, கிருபை என்று பிரசங்கித்தவர்கள்தான் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மிஷனரி கால்டுவெல்லின் சாணார் பற்றிய நூல் தம் சமூகத்தைத் தாழ்த்துகிறது என்று கொதித்தவர்களில் அவரும் ஒருவர். மிஷனரியின் கிருபை மிஷனரியின் கையில் இருந்தது. வேதத்தில் அச்சான சட்டமோ யார் கையிலும் இல்லை, ஐரோப்பியரையும் அதைக் காட்டி நிறுத்தி விசாரிக்கலாம். அதிகாரமற்றவனுக்குச் சட்டம் சில சமயம் அருளைவிடப் பெரிய பாதுகாப்பு. ரோமாபுரியின் 1704 ஆணை குடிசை வாசலில் செய்ததும் அதைத்தான்.

இன்றைய தமிழ்ப் பிரசங்க மேடைகளில் இதே தராசு வேறு பக்கம் ஆடுகிறது. ‘ஹைப்பர் கிரேஸ்’ என்ற பெயரில் ஒரு போதனை. அதை மறுத்து, கட்டளை, பரிசுத்தம், தசமபாகம் என்று இன்னொரு போதனை. இரண்டும் தனிமனிதனின் மனச்சாட்சியோடும் பணப்பையோடும் முடிந்துவிடுகின்றன. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற பேச்சே இல்லை. அந்தியோக்கியாவில் தொடங்கிய வழக்கிலிருந்து பந்தியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்.

ஏட்டளவில் வழக்கு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே. அந்த அருளே அவனைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் அதோடு இணைந்தன. மதுரை மிஷனின் வாரிசுகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-இல் அதன் வழியாகத் தென்னிந்தியத் திருச்சபையிலும் (சி.எஸ்.ஐ.) கலந்துவிட்டார்கள். ஆக, திண்டுக்கல்லில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் அருளைப் பற்றிச் சண்டையிட இனிக் காரணம் இல்லை. ஆனால் ஒருவர் கோயிலில் மற்றவர் நற்கருணை வாங்க முடியாது. அருளில் ஒப்பந்தம், மேசை மட்டும் தனித்தனி.

திண்டுக்கல் நகரை ஒட்டிய முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் மாதம் புனித செபஸ்தியார் திருவிழா நடக்கிறது. வேண்டுதல் பலித்தவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று காணிக்கை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அத்தனையும் கோயில் சமையலுக்குப் போகிறது. விடிய விடியப் பந்தி நடக்கிறது. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் கறிச்சோறு சாப்பிடுகிறார்கள். இறையியல் படித்தவர்கள் நேர்த்திக்கடனை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பிள்ளை பிழைத்தால் கிடாய் தருகிறேன் என்பது கடவுளோடு பேரம் இல்லையா? பேரம்தான். ஆனால் பேரத்தின் பொருள் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். புனிதருக்குப் பட்ட கடனைப் புனிதர் வாங்கிக்கொள்வதில்லை. முன்பின் தெரியாதவர் வயிறு வாங்கிக்கொள்கிறது. ஒருவர் கிடாய் தந்தார், ஒருவர் ஒரு சேவல் தந்தார், ஒருவர் ஒரு படி அரிசி தந்தார். அண்டாவில் வெந்த பிறகு இது யார் ஆடு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாப்பிடுகிறவரிடம் நீ என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கும் வழக்கமும் இல்லை. கடமையாக உள்ளே போனது இலவசமாக வெளியே வருகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளின் அசன விருந்திலும் இதே நடைதான். 1847-இல் மிஷனரிகள் விலக்கிவிடுவதாகப் பயமுறுத்தியும் பெற முடியாததை, திருவிழா ஆண்டுதோறும் சாதாரணமாகப் பெற்றுக்கொள்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அழகான முடிவாக இருக்கும். உண்மையாக இருக்காது. திருவிழாப் பந்தியில் கூட்டம் பெரியது, முகம் தெரியாது, யாரும் யாரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை. அடுத்த நாள் அவரவர் தெரு அவரவருக்கு. 2008 மார்ச் 9 அன்று அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கத்தோலிக்கர்களுக்கு இடையிலேயே மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தலித் கத்தோலிக்கர்கள் தமக்குத் தனிப் பங்கு கேட்டதுதான் பின்னணி. ஒரே குரு, ஒரே அப்பம். ஆனால் சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் வேற்றுமை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள். அவர்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டுவருவது சலுகையல்ல, ஏற்கனவே ஞானஸ்நானத்தில் கொடுத்துவிட்டதாகச் சபை சொல்லும் ஒன்றை.

2003-இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது. இளம் மறைமாவட்டம், கணக்குகள் இன்னும் பழுப்பேறவில்லை. இந்த வட்டாரத்தில் பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழா வரவுசெலவைப் படிக்கும்போது, எத்தனை ஆடு வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதோடு, உங்கள் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பகுதியில் யார் புதைக்கப்படுகிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துப் படியுங்கள்.